கொசுறு தெரியாத மெஷின்

திருச்சியிலிருந்து விமானத்தில் வந்த பெட்டிகளை எல்லாம் பிரித்துப் பார்த்தாகிவிட்டது. முருங்கைக்காய் வந்திருந்தது. சின்ன வெங்காயம் வந்திருந்தது. சீந்துவாரில்லாத கோவைக்காய்கூடப் பெட்டி நிறைய வந்து உட்கார்ந்திருந்தது. கறிவேப்பிலையைத்தான் காணோம்.

“பிரேம் தம்பி, கறிவேப்பிலை எங்க?” என்று கல்லாவில் இருந்தபடியே கேட்டார் ஆமினா பீவி.

“அடுத்த பெட்டில இருக்கும்க்கா.”

“அடுத்த பெட்டியே இல்லியே தம்பி.”

பிரேம் மாடிக்கு ஓடினான். சிங்கப்பூர்த் தேக்காவில், பஃபலோ ரோட்டில் கீழே காய்கறிக் கடை, மேலே அலுவலகம். முதலாளி அப்துல் முத்தலிப் பாய் இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் காய்கறி இறக்கித் தீவு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். எதை, எங்கிருந்து, எவ்வளவு இறக்குவது என்று இப்போது அவருக்குச் சொல்வது பிரேம் செய்த மெஷின்.

மெஷின் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வணிகர் சங்க விருந்து ஒன்றில் ஒருவர் மேடையேறி, இனிமேல் வியாபாரத்தைச் செயற்கை அறிவுதான் நடத்தும் என்று பேசினார். பிரியாணி வரத் தாமதமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பாய் பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டார். கேட்டதன் பலனாகப் பிரேமுக்கு வேலை கிடைத்தது. ஒட்டன்சத்திரத்தில் மழை பெய்தால் இங்கே தக்காளி என்ன ஆகும், கேமரன் மலையில் மண் சரிந்தால் முட்டைக்கோஸுக்கு எங்கே போவது என்று பல வருஷத்துக் கணக்கைப் படித்து முன்கூட்டியே சொல்லும் மெஷினை அவன் செய்து கொடுத்தான். வந்த புதிதிலேயே சின்ன வெங்காயம் விலை ஏறப்போவதை அது சொல்லி, அப்படியே நடந்தும் விட்டது. பாய் மகிழ்ந்துபோய், ஆர்டரையும் மெஷினே போடட்டும் என்று விட்டுவிட்டார். தினமும் மத்தியானம் யாரையும் கேட்காமல் அதுவே திருச்சி ஏஜெண்டுக்கு ஆர்டர் அனுப்பிவிடும்.

அந்த ஆர்டரைக் குடைந்து பார்த்த பிரேமுக்குக் காரணம் புரிந்தது. மெஷின் படித்த கணக்கில் கறிவேப்பிலை ஒரு கொத்துகூட விற்றதாக இல்லை. எப்படி இருக்கும்? காய் வாங்கினால் பையைக் கொடுக்கும் முன் ஒரு கொத்தை உள்ளே செருகிவிடுவதுதான் தேக்கா வழக்கம். கொசுறுக்கு யாராவது பில் போடுவார்களா? இவர்கள் வாராவாரம் வாங்குகிறார்கள், ஒன்றும் விற்பதில்லை, எல்லாம் வீண் என்று மெஷின் முடிவுகட்டி, கறிவேப்பிலைக்கு நேரே பூஜ்யம் போட்டுவிட்டது.

பிரேமும் தேக்காவில் கொசுறு வாங்கி வளர்ந்த பிள்ளைதான். மெஷினுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்கு மூக்கு இருக்கிறது என்று டாக்டரிடம் போய் யாராவது சொல்வார்களா?

வேறு நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். வெள்ளிக்கிழமை பாய் நாகூரிலிருந்து திரும்புகிறார். தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனவர், வந்ததும் அவனை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று சொல்வதாக இருந்தார். போன வருஷம் வங்கி வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் பிரேம். பக்கத்து வீட்டுக்காரர் ‘இன்னிக்கு லீவா?’ என்று கேட்பாரே என்று லிஃப்டை விட்டுப் படியில் இறங்கிய காலம் அது. மறுபடியும் அந்தப் படியில் இறங்க அவன் தயாராக இல்லை.

போதாக்குறைக்கு மாமனார். சுந்தரம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மார்சிலிங்கில் வீடு. தினம் சாயந்தரம் தவறாமல் போன் வரும். சாப்பாடு ஆச்சா, உடம்பு எப்படி என்ற பேச்செல்லாம் கிடையாது.

“கன்ஃபர்ம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்ல மாமா.”

“ம்.”

அவ்வளவுதான், வைத்துவிடுவார். அந்த ‘ம்’ பிரேமின் காதில் ராத்திரி முழுக்க நிற்கும். பெண்ணைக் கொடுத்தோமே என்று மனுஷர் நொந்துகொள்கிறார் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

சரி, கறிவேப்பிலைக்கு வருவோம். அன்றைக்கு ஒப்பேற்றினால் போதும் என்று பிரேம் எதிர்க் கடைக்குப் போய் ஒரு கட்டுக் கறிவேப்பிலை கேட்டான். காய் ஏதாவது வாங்கினால் தருகிறேன், கறிவேப்பிலை மட்டும் தருவதில்லை என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினான், ஒரு கொத்துக் கிடைத்தது. அடுத்த கடையில் கால் கிலோ, இன்னொரு கொத்து. இப்படித் தெரு முழுக்க ஏறி இறங்கியதில் ஒரு கை கறிவேப்பிலையும் ஒரு மூட்டை வெண்டைக்காயும் சேர்ந்தன. காய்கறி இறக்குமதி செய்யும் கடைக்காரன் தெருவில் வெண்டைக்காய் வாங்கிச் சுமந்துகொண்டு வருவதை ஆமினா பீவி பார்த்தார். மூட்டையை வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் மலேசியாவின் ஜொகூரிலிருந்து லாரியில் கொஞ்சம் வரவழைத்தான். இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் படித்த பிள்ளை, நோய்க்கு வேரில் மருந்து போடலாம் என்று நினைத்தது. மெஷினுக்குக் கறிவேப்பிலை விற்பது தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் பில் போட வேண்டும். கொத்துக்குப் பத்துக் காசு என்று விலை வைக்கச் சொன்னான்.

“தம்பி, வேணாம் லா,” என்றார் ஆமினா பீவி.

“பத்துக் காசுதானே அக்கா.”

“காசு பத்தோ நூறோ, அது இல்ல தம்பி விஷயம்.”

விஷயம் என்ன என்று சீக்கிரமே தெரிந்தது. கூடை நிறையக் காய் எடுத்து வந்த ஓர் ஆன்ட்டி, பில்லில் கறிவேப்பிலை என்ற வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் கூடையை அப்படியே கல்லாவில் வைத்தார். பாய் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கறிவேப்பிலைக்குக் காசு கேட்க எப்படி மனசு வந்தது என்று நிதானமாகக் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் அந்தப் பில்லைப் படமெடுத்துப் போட்டது கோயில் குழு, பள்ளித் தோழிகள் குழு என்று சுற்றிச் சாயந்தரத்துக்குள் சங்கீதாவின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. சங்கீதா பிரேமின் மனைவி, தெம்பனிஸில் பாலர் பள்ளி ஆசிரியை. ‘இது உங்க கடையா?’ என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

பதறிப்போன பிரேம் விலையை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கும் வகையில் வாசலில் பெரிதாக எழுதி ஒட்டினான்: கறிவேப்பிலை இலவசம். கல்லாவில் எண்ணிக்கையை மட்டும் பதிந்துகொள்ளச் சொன்னான். காசும் இல்லை, கணக்கும் கிடைக்கும், நமக்கா மூளை இல்லை என்று அவனுக்கே அவனை மெச்சத் தோன்றியது.

இத்தனை வருஷமாக அது இலவசமாகத்தான் இருந்தது. எழுதி ஒட்டாததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இலவசம் என்று எழுத்தில் பார்த்ததும் ஜனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. காய் வாங்காதவர்களும் வந்தார்கள். தலைக்கு எண்ணெய் காய்ச்ச ஒருவர், துவையலுக்கு ஒருவர், எதற்கென்றே தெரியாமல் இருவர். சுற்றுலா வந்த வெள்ளைக்காரத் தம்பதிகூட ஆளுக்கொரு கொத்து வாங்கி முகர்ந்துகொண்டே போனார்கள். எல்லாவற்றையும் ஆமினா பீவி விரல் வலிக்கப் பதிந்தார், பிரேம் பக்கத்தில் நின்று கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

மெஷின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்று வரை ஒரு கொத்து விற்காத சரக்கு, இன்று அள்ளிக்கொண்டு போகிறது. இந்தக் கம்பெனி வரலாற்றிலேயே இப்படி ஒரு வளர்ச்சி அது கண்டதில்லை. மத்தியானம் வந்ததும், வெள்ளிக்கிழமை விமானத்தில் பிடித்து வைத்திருந்த மொத்த இடத்துக்கும் கறிவேப்பிலையே அனுப்பச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டது.

கட்டுப் போட்டு முடித்து மாடிக்கு வந்து பார்த்த பிரேம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். திருச்சிக்குப் போன் போட்டான். ஏஜெண்டுக்கு வாயெல்லாம் பல். கோயம்புத்தூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாக ஆள் விட்டு ஒடித்துக்கொண்டிருப்பதாகவும், இனி நிறுத்தினால் தன் தலையில் துண்டுதான் என்றும் சொன்னார்.

அன்று சாயந்தரம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சங்கீதாவிடம் கொட்டினான். அவ்வளவு கறிவேப்பிலை சிங்கப்பூருக்கே வேண்டாம் என்றான். காயோடு கொடுத்தாலும் தீராது, பாய் வந்து அந்த மலையைப் பார்த்தால் தன் கதை முடிந்தது என்றான். கறிவேப்பிலை கேட்டு ஊரே அலைந்தால்தான் தான் பிழைப்பேன் என்று சொல்லிவிட்டு, சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதே.”

சங்கீதா தலையை ஆட்டினாள்.

அன்றைக்கு மாமனாரிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எப்படியோ தெரிந்து என்னைக் கைகழுவிவிட்டார் என்று பிரேம் முடிவு செய்தான். தினமும் எரிச்சலாக இருந்த அந்த ‘ம்’ வராதபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், அழுகையே வந்தது.

இடையில் எதிர்க் கடைக்காரர் வாசலில் நின்று யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார். சரக்கு வந்ததும் தீர்ந்துவிடுகிறதாம், இந்த வாரம் எல்லாருக்கும் என்னதான் வந்துவிட்டதோ என்றார். பிரேம் காதில் அது விழுந்தது, ஏறவில்லை. மாடியில் மெஷின் வேறு ஒரு கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. சந்தை விவரங்களைப் பார்த்து, தீவு முழுக்கச் சில்லறைக் கடைகளில் கத்திரிக்காய் விற்பனை ஏறுகிறது, காரணம் தெரியவில்லை என்றது. மழையும் இல்லை, பண்டிகையும் இல்லை. நீயும் குழம்பிவிட்டாயா என்று அவன் திரையைப் பார்த்துக் கேட்டான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பாய் ஏறி வந்த விமானத்தின் வயிற்றில்தான் கறிவேப்பிலையும் வந்தது. அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்து இறங்கியபோது, லாரியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கி நடைபாதையை அடைத்து வைத்திருந்தார்கள். தெருவே ரசம் தாளித்த மாதிரி மணத்தது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பச்சை மலையை மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

“என்ன பிரேம் இது?”

“கறிவேப்பிலை பாய்.”

“அது தெரியுது. மத்த காய் எங்க?”

பிரேம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ராஜினாமாக் கடிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தான். அதை எடுக்கப் போன நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், “இங்க இருக்கு லா, வாங்க,” என்றது.

குவீன்ஸ்டவுன் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் ஒருவர் டாக்சியில் வந்து இறங்கினார். ரெண்டு நாளாகத் தாளிப்பில்லாமல் சாம்பார் வைத்து வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குகிறாராம், எங்கேயும் ஒரு கொத்துக் கிடைக்கவில்லையாம். அவருக்குப் பின்னால் தெம்பனிஸிலிருந்து இரண்டு பெண்கள். பிறகு ஒரு கேட்டரிங் வேன். பிறகு யார் யாரோ. கூடையை வைத்துவிட்டுப் போன ஆன்ட்டியும் வரிசையில் நின்றார், யார் முகத்தையும் பார்க்காமல். கடைசியாக எதிர்க் கடைக்காரரே தயங்கித் தயங்கி ரோட்டைக் கடந்து வந்து, நாலு பெட்டி தர முடியுமா பாய், வாடிக்கையை இழந்துவிடுவேன் போலிருக்கிறது என்றார்.

முத்தலிப் பாய் வியாபாரி மட்டும் இல்லை, பெரிய மனுஷர். வாசலில் இருந்த இலவசம் என்ற தாளைக் கிழித்துப் போட்டார். காய் வாங்குகிறவர்களுக்கு வழக்கம்போலக் கொசுறு, சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு வாராந்தரக் காய் நம்மிடம் எடுத்தால் கறிவேப்பிலை சும்மா, எதிர்க் கடைக்காரருக்கு அசல் விலைக்கே நாலு பெட்டி என்று மளமளவென்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். கையிருப்பில் இருந்த காய் எல்லாம் போயிற்று, கோவைக்காய் உட்பட. பிரேம் தெருவில் வாங்கி வந்த வெண்டைக்காய் மூட்டையையும் ஆமினா பீவி யாருக்கோ விற்றுவிட்டார்.

கூட்டம் குறைந்ததும் பாய் பிரேமை மாடிக்குக் கூப்பிட்டார்.

“ஊருக்கே தட்டுப்பாடு வரப்போகுதுன்னு உங்க மெஷின் முன்னாடியே கண்டுபிடிச்சிருச்சே பிரேம். நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியல.”

“பாய், நான் உண்மையைச் சொல்லிடுறேன். அது கண்டுபிடிக்கல. தப்புப் பண்ணிருச்சு. கொசுறுன்னா என்னன்னு நான் அதுக்குச் சொல்லாம விட்டுட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னான். பூஜ்யம், பத்துக் காசு, வாசல் தாள், ஒன்று விடவில்லை. பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பாதியில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். தப்பைச் சொல்கிற ஆளைத்தான் தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்லி, வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இனி நீங்கள் அழுத்தாமல் எந்த ஆர்டரும் போகக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை.

“அது சரி, நம்ம கடை தப்பு நம்மளோட. ஊர்ல மத்த கடையில எல்லாம் எப்படித் தீந்துச்சு?” என்று கேட்டார் பாய்.

பிரேம் மெஷினைக் குடைந்து பார்த்தான். இருந்ததெல்லாம் அந்தக் கத்திரிக்காய்க் கோடுதான். கறிவேப்பிலை எங்கெல்லாம் தீர்ந்ததோ அங்கெல்லாம் கத்திரிக்காய் விற்பனை ஏறியிருந்தது. இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, இதுவரை யாரும் பார்க்காத சந்தைப் போக்கு இது என்று திரையைக் காட்டி விளக்கினான். விளக்க விளக்க அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பாய் தாடியைத் தடவிக்கொண்டே பார்த்துவிட்டு, அப்படியானால் அடுத்த வாரம் கத்திரிக்காயைத் தாராளமாக இறக்கிவிடலாம் என்றார்.

பிரேம் கீழே போய், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் நின்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தான். யாராவது கேட்டால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. ஆமினா பீவி மட்டும் ஒரு டிஷ்யூவை நீட்டிவிட்டுத் திரும்பிப் போனார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில், அன்றைக்கு எம்.ஆர்.டி ரயிலில் நின்றுகொண்டே தூங்கினான்.

மறுநாள் சங்கீதாவோடு லட்டு வாங்கிக்கொண்டு மார்சிலிங்குக்குப் போனான். கத்திரிக்காய் ஆர்டரை எழுதித் தயாராக வைத்திருந்தான். ஒரு பட்டன் அழுத்தினால் போதும், சாப்பிட்டுவிட்டு அழுத்தலாம் என்று கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டான்.

மாமனார் சோபாவில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டிலும் தைல வாடை.

“கன்ஃபர்ம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு மாமா.”

“ம்,” என்றார். பேப்பரை முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

கால் என்ன ஆயிற்று என்று பிரேம் கேட்டதற்கு, வயசானால் நடக்கத்தானே வேண்டும், பழைய டிரைவர்கள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் நடந்தோம் என்று பேப்பருக்குள்ளிருந்து பதில் வந்தது. சங்கீதா அவசரமாகத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

மாமியார் தங்கம் இலை போட்டார். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. பக்கத்தில் கத்திரிக்காய் வறுவல். அப்புறம் கத்திரிக்காய்க் கூட்டு. கொத்சு ஒரு கிண்ணத்தில். எல்லாவற்றின் மேலும் கறிவேப்பிலை கை கையாகப் போட்டுத் தாளித்திருந்தது. பிரேம் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தான். ஃப்ரிட்ஜ் மேலே, மேஜைக்கு அடியில், சிங்க் பக்கத்தில், எங்கும் தீவின் ஒவ்வொரு மூலைக் கடையின் பெயரும் போட்ட பைகள், எல்லாம் ஊதா நிறத்தில் உப்பிக் கிடந்தன.

“வெக்கப்படாம சாப்பிடுங்க மாப்பிள்ளை, போறப்போ ஒரு மூட்டை தூக்கிட்டும் போகணும்,” என்று இன்னொரு கரண்டி போட்டார் தங்கம். “உங்க மாமாவும் அவரு கூட்டாளிங்களும் பஸ் பஸ்ஸா ஏறி எறங்குனாங்களே, காய் வாங்காம கறிவேப்பிலை குடுக்க ஒரு கடைக்காரனுக்காவது மனசு வந்துச்சா?”